விஹ்தா சொன்ன ஆடு

எங்கள் வீட்டில் கடைசியாக மிஞ்சிய வேலை படகு. உருளைக்கிழங்கு நிலவறைக்குள் போய்விட்டது. லந்துக் கிழங்கும் போய்விட்டது. விறகு கொட்டகைக் கூரையைத் தொட்டது. மீன்வலைகள் காய்ந்து ஆணியில் தொங்கின. என் நோட்டில் பதினான்கு வேலைகளை எழுதிப் பதிமூன்றை அடித்திருந்தேன். பதினான்காவது: படகைக் கரையேற்றிக் கவிழ்த்தல்.

அந்தப் புதன்கிழமை மதியம் நானும் என் கணவன் ஆர்வியும் படகை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா தைமி வந்து, முற்றத்து ரோவன் மரத்தடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஊர் பூரா கெக்ரி கொண்டாடி முடிச்சு ஏப்பமும் விட்டாச்சு. இங்க இன்னும் படகு ஊர்ந்துக்கிட்டு இருக்கு."

"இதான் கடைசி வேலை, தைமி," என்றேன்.

"அப்ப இந்த வருஷம் ஊருக்குக் கெக்ரி நீதான், பொண்ணே."

எங்கள் ஊர் கைவோமாகியில் கெக்ரிக்குத் தேதி கிடையாது. எந்த வீட்டில் வருஷத்து வேலை முடிகிறதோ அந்த வாரமே அந்த வீட்டில் கெக்ரி விருந்து. சௌனா என்கிற நீராவிக் குளியலறையைச் சூடாக்கி, மேசை கொள்ளாமல் சமைத்து, செத்துப்போன பெரியவர்களைக் கூப்பிட்டு முதலில் அவர்களைக் குளிக்கவும் சாப்பிடவும் விட்டுவிட்டு, பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் உட்கார வேண்டும். ஊரிலேயே கடைசியாக வேலையை முடிக்கிறவருக்கும் கெக்ரி என்றுதான் பெயர். இந்த இரண்டாவது அர்த்தத்தில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது தைமியின் உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

"சனிக்கிழமை வெச்சிருக்கோம்," என்றான் ஆர்வி, மூச்சு வாங்க. "நாங்க வந்து முதல் கெக்ரி. போன வருஷம் தரை முழுக்கப் பேத்துப் போட்டிருந்துச்சு, முடியல."

"பேத்தது தெரியும். சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு," என்றார் தைமி.

எங்கள் வீட்டின் பெயர் ரந்தலா. நாங்கள் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அது தைமியின் அப்பா வில்ஹோவும் அம்மா ஹில்யாவும் வாழ்ந்து, அங்கேயே செத்துப்போன வீடு. தைமி நானூறு மீட்டர் தள்ளித் தனியாக இருந்தார். பதினோரு வருஷம் தினமும் இரண்டு வேளை நடந்து வந்து அவர்களைப் பார்த்துக்கொண்டார். ஆனால் வீடு அண்ணன் கௌகோவின் பேரில் இருந்தது. கௌகோ தெற்கே இருந்துகொண்டு, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொலைபேசியிலேயே விற்றுவிட்டார். சாவி கைமாறிய அன்று தைமி இதே ரோவன் மரத்தடியில் நின்று, அதற்காக வந்திருந்த அண்ணனைப் பார்த்து, நாங்கள் கேட்கும்படியே சொன்னார்: "என் கால் இனிமே ரந்தலா வாசலை மிதிக்காது."

எங்களைத் திட்டவில்லை. அதே வாரம் ஒரு கூடை காரட் கொண்டு வந்தார். படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வாசலுக்கு மூன்று படிகள். இரண்டு வருஷத்தில் தைமி முதல் படியில் ஏறி நின்றது நான்கு தடவை. நான்கு தடவையும் மழை. இரண்டாவது படியில் ஒரு தடவைகூட இல்லை. இப்படியெல்லாம் எண்ணி வைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணி வைத்திருக்கிறேன்.

படகு கவிழ்ந்தது. பதினான்காவதையும் அடித்தேன். பிறகு நாள்கணக்காக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைத் தைமியிடம் கேட்டேன்.

"யாரைக் கூப்பிடணும், தைமி? என் பக்கத்துப் பெரியவங்களை எல்லாம் மேற்கே தம்பெரேலதான் புதைச்சிருக்கு."

"தம்பெரேக்காரங்களுக்கு இந்த வழி தெரியுமா என்ன? ரெண்டு பஸ் மாறணும்."

"ஆர்வி வீட்டுப் பெரியவங்க?"

"அவங்களுக்கு அவங்க வீடு இருக்கு. வீட்டு ஆளுங்கதான் வீட்டுக்கு வருவாங்க." தைமி ஏரியைப் பார்த்தார். "இந்த வீட்ல வாழ்ந்தவங்க இந்த வீட்டுக்கு."

"சனிக்கிழமை கல்லறைத் திருநாளுக்கு நீங்க போய் மெழுகுவர்த்தி ஏத்துவீங்கல்ல?" என்றான் ஆர்வி. "அப்ப அவங்க அங்க இருப்பாங்களா, இங்க இருப்பாங்களா?"

"அங்க படுக்கைதானேடா. வீடு வீடுதான்."

ஆர்வி படகுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். அவன் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தவறான நேரத்தில் தவறான கேள்வி கேட்பான்.

நான் பேச்சை மாற்ற நினைத்து, ஏற்பாட்டைச் சொன்னேன். "ஜூன்ல கட்டிக் காயவெச்ச விஹ்தா நல்லா இருக்கு. ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், ஆளுக்கு ஒண்ணு."

"என்னது?"

"விஹ்... வஸ்தா."

"இல்ல, முதல்ல சொன்னதைச் சொல்லு. காதுல பூச்சி நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு."

சௌனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்துக்கு மேற்கே நாங்கள் விஹ்தா என்போம். கிழக்கே இவர்களுக்கு அது வஸ்தா. கல்யாணமான முதல் கோடையில் இந்த ஒரு வார்த்தைக்காக எனக்கும் ஆர்விக்கும் இரண்டு நாள் பேச்சு நின்றிருக்கிறது. நான் விஹ்தா என்றால் அவன் தர மாட்டான். வஸ்தா என்று கேட்க எனக்கு வாய் வராது.

"விஹ்தா," என்றேன்.

"என் பல்லு அத்தனையும் கொட்டினாலும் அந்த வார்த்தை என் வாயில வராது," என்றார் தைமி, மிகுந்த திருப்தியோடு. "எங்கப்பா கேட்டிருந்தா உன்னைச் சௌனாலேருந்து நேரா ஏரிக்குள்ள அனுப்பியிருப்பாரு."

அப்பாவைப் பற்றி அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:

"நீங்களும் சனிக்கிழமை வாங்களேன், தைமி. அவங்க உள்ள வந்து பார்க்கிறப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இருக்காதே. என்னையும் இவனையும் பார்த்துட்டு, வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிட்டா?"

சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. தைமியின் முகத்தில் கேலி இருந்த இடம் காலியாகிவிட்டது.

"அதைத்தான் ரெண்டு வருஷமா நானும் நினைச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். "ஆனா சொன்னது சொன்னதுதான். கௌகோ மறந்திருப்பான். நான் மறக்கல."

"யாருக்கும் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே." சாலைப் பக்கம் திரும்பி, "ரோட்ல நிப்பேன். போற வழியில பார்த்துக்குவாங்க," என்றார்.

குளிரில், இருட்டும் நேரத்தில், பிறந்த வீட்டுக்கு எதிர்ச் சாலையில் ஐம்பத்தெட்டு வயது மனுஷி நிற்கப்போகிறார். ரந்தலாவை வாங்கியதற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த நிமிஷம் நீண்டது.

போகும்போது தைமி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சனிக்கிழமை கதவைத் தாழ் போடாதே. கெக்ரின்னா ஆடு கீடு வரும்."

"ஆடு வேஷம் போடறவங்க இப்ப யாரு இருக்கா?"

"ஆடு எங்கேருந்து வரும்னு ஆட்டுக்குத்தான் தெரியும்."

இந்தப் பக்கத்து ஆட்கள் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைக் கேட்டவர் தலையில் போட்டுவிடுவார்கள். நான் கேட்டதைக் கேட்டபடி நோட்டில் எழுதினேன்: 'தைமி: கதவைத் தாழிடாதே. காரணம்: ஆடு.' எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில், நடமாடும் நூலக வேலை முடிந்ததும், நகரத்தில் நாட்குறிப்பு எழுதும் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒன்பது பேர் படிக்கிறோம். கண்டதை எழுது, காணாததை ஊகித்து எழுதாதே என்பது ஆசிரியையின் விதி. மற்றவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கிறது. எனக்கு ஊகிக்கவே வராது என்பதால் எனக்குப் பொருத்தமான விதி என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரொட்டி அடுப்பை மூட்டினேன். அது வில்ஹோ தன் கையால் கட்டிய அடுப்பு. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சுண்ணாம்பில் அவர் ஆணியால் கீறிய வருஷம் இன்னும் தெரிகிறது. ரை மாவு ஓட்டுக்குள் லந்துக் கிழங்கும் பன்றிக் கொழுப்பும் வைத்து மூடிய அப்பம் இரண்டு, பானையில் ஆட்டிறைச்சி, பார்லிக் கஞ்சி, பாலாடைக்கட்டி, லிங்கன்பெர்ரிக் கூழ், வீட்டில் காய்ச்சிய பீர். கெக்ரி மேசையில் எதுவும் குறையாகத் தெரியக் கூடாது. குறைந்தால் வரும் வருஷம் முழுக்கக் குறையும் என்பார்கள். அப்பத்தில் உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்தது. நோட்டைப் பார்த்தேன், குறித்திருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போட்டேன்.

ஆர்வி ஏரிக்கரைச் சௌனாவை மதியத்திலிருந்து சூடாக்கினான். நான் உட்காரும் மேல் பலகையில் இரண்டு துண்டு, இரண்டு கொத்து, ஆளுக்கு ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் மேசையின் தலைப்பக்கத்தில் வில்ஹோவுக்குத் தட்டு, அவருக்கு வலப்பக்கம் ஹில்யாவுக்கு. சரியாக இருந்தது. ஆனாலும் ஹோட்டல் மாதிரி இருந்தது. என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. கூப்பிட வேண்டியது வீட்டு ஆண். ஆர்வி விளக்கை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"என்னன்னு கூப்பிடறது?"

"பேர் சொல்லி."

"எனக்கு அவங்களைத் தெரியாதே, பிஹ்லா. வீட்டை வாங்கினவன்னு சொல்லிக்கிட்டா?"

"வாங்கினவன்னு சொல்லாதே. இருக்கிறவன்னு சொல்லு."

அவன் முற்றத்து வாயில்வரை போய்த் தொப்பியைக் கழற்றினான். நான் படியில் நின்று கேட்டேன்.

"வில்ஹோ. ஹில்யா. நான் ஆர்வி. இப்ப இங்க நாங்க இருக்கோம். சௌனா சூடா இருக்கு, சாப்பாடும் இருக்கு. வாங்க." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகினான். "வடக்குப் பக்கம் கூரை ஒழுகிட்டு இருந்துச்சே, அதைச் சரி பண்ணிட்டேன்."

ரோவன் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று எழுந்து, "ம்மே" என்றது.

ஆர்வி விளக்கைக் கீழே போட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான் ஓடிப்போய் விளக்கை எடுத்துப் பிடித்தேன். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்ட ஆட்டுத்தோல் கோட்டு. பிர்ச் மரப்பட்டையில் வெட்டிய முகம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையில் வைக்கோல் வாரும் முள்கட்டையை உடைத்துச் செய்த கொம்பு. பின்னால் ஒரு பழைய துடைப்பம் வாலாகத் தொங்கியது. காலில் கம்பளிப் பூட்ஸ், அதற்கு அடியில் கயிற்றால் கட்டிய இரண்டு மரக்கட்டைகள். குளம்பு.

அந்தக் குளம்பைப் பார்த்ததும் புதன்கிழமை போட்ட கேள்விக்குறி எனக்கு விளங்கிவிட்டது.

"ஆடு வந்திருக்கு," என்றேன். "உள்ள வாங்க."

ஆடு வந்தது. டொக். முதல் படி. டொக். இரண்டாம் படி. மூன்றாம் படியில் கட்டை சறுக்கியது. ஆர்வி தோளைப் பிடித்தான். ஆடு அவன் கையைத் தட்டிவிட்டது. பிறகு, வாசற்படிக்கு முன்னால், அப்படியே நின்றது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பனிக்காற்று உள்ளே போனது. வீட்டின் சூடு வெளியே வந்தது. ரை ரொட்டியின் வாசமும் வந்திருக்க வேண்டும். ஆடு இடது குளம்பைத் தூக்கி உள்ளே வைத்தது.

கெக்ரி ஆடு தன் குரலில் பேசாது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசும். அதை யாரென்று பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. சொல்லிவிட்டால் வேஷத்தைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் அப்புறம் அங்கே நிற்பது ஆடு இல்லை.

"ஊத்து," என்றது ஆடு, உள்மூச்சில். "ஊத்தலேன்னா அடுப்பை உடைச்சிடுவேன்."

இது எல்லா வீட்டிலும் எல்லா ஆடும் சொல்வதுதான். சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் தடியை ஓங்க வேண்டும். இந்த ஆடும் ஓங்கியது. ஓங்கிய தடி அடுப்பின் மேல், சுண்ணாம்பில் வருஷம் கீறியிருந்த இடத்தின் பக்கத்தில், மூன்று தடவை மெல்லப் பட்டது. தூங்குகிறவரை எழுப்பத் தயங்கித் தட்டுவது போல. அவ்வளவு மெதுவாக யாரும் மிரட்டி நான் பார்த்ததில்லை. பிறகு தடியை இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அடுப்பில் வைத்தது. 

ஆர்வி காபிக் கோப்பையில் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். ஆடு முகமூடியின் அடிப்பக்கத்தை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கியது. நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆர்வியின் தாடையையும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். பின்னால் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. அப்பத்தில் ஒரு துண்டு உடைக்கும் சத்தமும் கேட்டது, அதன் பிறகு ஒரு இருமல்.

ஆடு மேசையைச் சுற்றி வந்தது. தலைப்பக்கத்தில் வில்ஹோவின் தட்டைப் பார்த்ததும் உச்சுக்கொட்டியது. தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலோர பெஞ்சின் மூலையில், சுவரில் சாய்ந்து உட்காரும் இடத்தில் வைத்தது. ஹில்யாவின் தட்டை அடுப்புக்குப் பக்கத்து முக்காலிக்கு நகர்த்தியது. எழுந்து எழுந்து அடுப்பைப் பார்க்கிறவர்கள் உட்காருமிடம் அது. மேசை ஹோட்டல் மாதிரி இல்லாமல் ஆனது.

"அடேயப்பா," என்றான் ஆர்வி, முகமெல்லாம் சந்தோஷமாக, "பிஹ்லா, இது நம்ம தை—"

கைக்கு எட்டியது அப்பம்தான். ஒரு துண்டை அவன் வாயில் திணித்தேன். ஆடு கையில் கரண்டியோடு அப்படியே உறைந்து நின்றது. பட்டை முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கொம்பு நடுங்கியது.

ஆர்வி மென்றான். என்னைப் பார்த்தான். ஆட்டின் காலைப் பார்த்தான், குளம்பைப் பார்த்தான். விழுங்கினான்.

"தைரியமான ஆடுன்னு சொல்ல வந்தேன்," என்றான். "ரொம்பத் தைரியமான ஆடு."

"ம்மே," என்றது ஆடு. கரண்டியை வைத்துவிட்டு, "சௌனா," என்றது.

பெரியவர்கள் குளிக்கும்போது மனிதர்கள் சௌனாவுக்குள் போகக் கூடாது. ஆட்டைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் டொக் டொக் என்று வந்தது, பாதையின் வளைவில் துருத்திக்கொண்டிருக்கும் வேரை இருட்டிலேயே தாண்டியது. சௌனாவின் நிலைவாசல் தாழ்வு. இரண்டு வருஷத்தில் ஆர்வி நெற்றியை இடித்துக்கொண்டது பத்தொன்பது தடவை. ஆடு இரண்டடிக் கொம்போடு, நடையைக் குறைக்காமல், தலையைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே போய்விட்டது.

மேல் பலகையில் நான் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பியது. கொத்துகளைக் காட்டியது. மேலே காட்டியது. இரண்டு விரலைக் காட்டியது. பிறகு இரண்டு கையாலும் தன் முதுகில் மாறி மாறி அடித்துக்கொண்டது. எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை; வேண்டுமென்றே செய்ததாக ஆர்வி இன்றுவரை சொல்கிறான்.

"புரியலையே," என்றேன்.

ஆடு மூச்சை இழுத்தது. "ரெண்டு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. பட்டைக்குப் பின்னால் வாய் ஒரு எழுத்தைத் தொடங்கி விட்டுவிட்டு, இன்னொன்றைத் தொடங்கிற்று. "ரெண்டு வ..." அடுப்புக் கற்கள் டிக் டிக் என்று சூட்டில் முனகின. வஸ்தா என்ற அந்த ஒரு வார்த்தையை இந்தப் பக்கத்து வாயால், இந்த வீட்டுச் சௌனாவில் சொன்னால், அதன் பிறகு ஆடு என்று ஒன்று இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

"ரெண்டு விஹ்தா," என்றது ஆடு.

கசப்பு மருந்தை விழுங்குகிறவரைப் போல நிறுத்தி, மறுபடியும் சொன்னது: "ரெண்டு விஹ்தாவும் கிழவருக்கு. ரெண்டு கையாலயும் அடிச்சுக்குவாரு. அந்தம்மாவுக்கு விஹ்தா வேணாம். கீழ்ப் பலகை. ஜன்னல் பக்கம். சூடு தாங்க மாட்டா."

 "சரி" என்று மட்டும் சொன்னேன். கொத்து இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஒரு துண்டைக் கீழ்ப் பலகைக்கு, ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். ஆடு அகப்பையை எங்கே என்று கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தது. கல்லில் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றியது. ஆவி எழுந்து எங்கள் இருவர் மேலும், நால்வர் மேலும், எத்தனை பேரோ அத்தனை பேர் மேலும் படர்ந்தது.

பிறகு கையால் என்னைப் போ என்றது.

நான் விறகுக் கொட்டகைவரை போனேன். அங்கேயும் உள்ளேயிருந்து மெல்லிய பேச்சுச் சத்தம் வருவது போலிருந்ததால் கிணறுவரை போனேன். ஆர்வி வந்து சேர்ந்தான்.

"உள்ள யாருகூடப் பேசுது?"

"ஆட்டுக்கு என்ன பேச்சு? மேயுது. நீ வா."

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கையில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் பார்க்கவில்லை.

ஆடு வெளியே வந்தபோது பட்டை முகம் நனைந்திருந்தது. ஆவி பட்டிருக்கும். எங்களைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, வாயிலில் ஒரு தடவை திரும்பி வீட்டை நேராகப் பார்த்தது. எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. பிறகு சாலையில் டொக் டொக் என்று போயிற்று. நானூறு மீட்டர் வரைக்கும் கேட்டது.

நாங்கள் குளிக்கப் போனபோது கீழ்ப் பலகையில் துண்டு நான்காக மடித்திருந்தது. நான் மூன்றாகத்தான் மடிப்பேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது தைமி படியடியில் நின்றார். கையில் ஒரு பை ஆப்பிள்.

"கெக்ரி எப்படி நடந்துச்சு?"

"நல்லா நடந்துச்சு. ஆடு ஒண்ணு வந்துச்சு."

"அப்படியா? எந்த ஊரு ஆடு?"

"தெரியல. இந்தப் பக்கத்து ஆடு இல்ல. விஹ்தான்னு சொல்லிச்சு."

தைமி பக்கத்தில் இருந்த பனியில் துப்பினார். "சீ! அந்த மாதிரி ஆட்டையெல்லாமா உள்ள விடுவாங்க?"

"கெக்ரி அன்னிக்கு எப்படித் திருப்பி அனுப்புறது? பாவம், அவ்வளவு தூரம் தம்பெரேலேருந்து நடந்து வந்திருக்கு."

"ரெண்டு பஸ் மாறி," என்று உள்ளேயிருந்து ஆர்வி கத்தினான்.

"அவனைச் சும்மா இருக்கச் சொல்லு." தைமி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, வேறு குரலில், "அவங்க வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாங்கன்னுதான் நினைக்கிறேன். தெரிஞ்ச இடத்துல உட்கார்ந்தாங்க. துண்டு மடிச்சிருந்துச்சு, நாலா."

தைமி தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். ஆப்பிள் பையை முதல் படியில் வைத்தார். காலை வைக்கவில்லை, மழை இல்லையே.

"நல்லது. அடுத்த வருஷம் அப்பத்துல உப்பைக் கொறை."

"உப்பு ஜாஸ்தின்னு யாரு சொன்னா?"

தைமி குனிந்து பையின் வாயை இன்னொரு தடவை முறுக்கினார்.

"ஆடுதான்," என்றார் தைமி. "ரோட்ல புலம்பிக்கிட்டே போச்சு. ஊருக்கே கேட்டுச்சு."

செவ்வாய்க்கிழமை வகுப்பில் என் நோட்டைப் படித்த ஆசிரியை, ஆடு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதிக் கொடுத்தார். கண்டதைத்தானே எழுதச் சொன்னீர்கள், முகத்தை நான் காணவில்லை என்றேன். அவர் அந்தப் பென்சில் எழுத்தைத் தானே அழித்துவிட்டார். நகரத்தில் இருந்தாலும் அவர் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை முடித்தேன்.

வந்தவர்கள்: வில்ஹோ, ஹில்யா. கெக்ரி ஆடு ஒன்று; பேர் தெரியாது; பேச்சை வைத்துப் பார்த்தால் தம்பெரே பக்கம்.

அடுத்த வருஷத்துக்கு: படகை முதலில் கரையேற்று. உப்பு ஒரு தடவைதான். கொத்து இரண்டும் வில்ஹோவுக்கு. கதவைத் தாழிடாதே. காரணம்: ஆடு.